கறியுப்புக்கு முன்னே படிவது: கடல் நீர் உப்புகளும் பல்பகுதியச் சேர்மானங்களும், கொட்டியாரக் குடாவை முன்வைத்து ஓர் ஆய்வு

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூர் பிரதேச செயலகப் பிரிவில் சம்பூர் இருக்கிறது. குடாவைத் தாண்டித் திருகோணமலை நகருக்கு வடக்கே போனால் நிலாவெளி உப்பளம். மாரியில் மகாவலி கொண்டுவந்து சேர்க்கும் நன்னீரால் குடாவின் மேல்நீர் உவர்ப்புக் குறைந்து கிடக்கும். கச்சான் வீசும் மாதங்களில் அது திறந்த கடலின் அளவை, அதாவது கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பை, நெருங்கும். அந்த 35 கிராமில் முக்காற் பங்குக்கு மேல் கறியுப்பு. கல்சியம் 0.4 கிராம், சல்பேற்று 2.7 கிராம், இருகாபனேற்று 0.14 கிராம் அளவில்தான் உண்டு. கல்சியமும் இருகாபனேற்றும் அளவிற் சிறியவை. ஆனாலும் கடல் நீரைச் சுண்டவைக்கும் எவருக்கும் முதலில் தொல்லை தருபவை அவைதாம். சல்பேற்று அடுத்து வந்து சேர்ந்துகொள்ளும்.

உப்புப் பளிங்கின் வளர்ச்சியைச் சேர்மானங்கள் மாற்றுகின்றன என்ற கண்டறிதலின் வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் கறியுப்பிலிருந்தே தொடங்குகின்றன. 1783இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரோமே த லீல், சிறுநீரிலிருந்து படிந்த கறியுப்பு வழமையான கனசதுரமாக அல்லாமல் எண்முகியாக வளர்வதைக் குறிப்பிட்டார். யூரியாதான் காரணம். உண்மைதான், அழகான எடுத்துக்காட்டும்கூட. ஆனால் யூரியா சிறு மூலக்கூறு. நீண்ட சங்கிலி கொண்ட பல்பகுதியங்களின் கதையை இதன் தொடர்ச்சியாக எழுதிப் பார்த்தால் ஓரிடத்தில் தடம் அறுந்துபோகிறது. பல்பகுதியம் உண்மையில் ஆட்சி செலுத்தியது கறியுப்புக்கு முன்னே படியும் கல்சியம் காபனேற்றின் மீதும், கல்சியம் சல்பேற்றான ஜிப்சத்தின் மீதும். கறியுப்பை அது தொட்டதெல்லாம் பெரும்பாலும் மறைமுகமாகவே. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

படியும் வரிசை

1849இல் உசிக்லியோ என்ற இரசாயனவியலாளர் மத்தியதரைக் கடல் நீரைச் சிறிது சிறிதாக ஆவியாக்கி, எது எப்போது படிகிறது என்று அளந்தார். தொடக்கக் கனவளவில் ஏறத்தாழ பாதி மிஞ்சும்போது கல்சியம் காபனேற்று படியத் தொடங்கியது. ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே போனபின்தான் கறியுப்பு. அதன்பின் எஞ்சுவது மக்னீசியம் மிகுந்த கைப்பு நீர்.

உப்பளத்தின் அமைப்பே இந்த வரிசையை நிலத்தில் பரப்பி வைத்ததுதான். உவர்நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில், கடல் நீர் ஏறத்தாழ 3 பாகையில் உள்ளே வரும். இடைப் பாத்திகளில் 13 தொடக்கம் 15 பாகைக்குள் ஜிப்சம் படியத் தொடங்கும். 25 பாகை தாண்டிய பின்னரே உவர்நீரை உப்புப் பாத்திக்கு விடுவார்கள். 29 அல்லது 30 பாகையில் மிஞ்சிய நீரை வெளியேற்றாவிட்டால் மக்னீசியம் உப்போடு ஒட்டிக்கொள்ளும். உப்புக் கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து நீர்க்கும். ஆக, நல்ல கறியுப்பின் தரம் அது படிவதற்கு முந்திய பாத்திகளிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. இதைத் தெரிந்துகொள்ள ஆய்வுகூடம் வேண்டியதில்லை, போமேமானி ஒன்றும் அனுபவமும் போதும்.

நெற்றும் இரத்தமும்

சேர்மானம் இடும் வழக்கம் அறிவியலுக்கு முந்தியது. ஜெர்மன் சுரங்க அறிஞர் அக்ரிகோலா 1556இல் வெளியான தம் நூலின் பன்னிரண்டாம் பகுதியில், உவர்நீரைக் காய்ச்சும் தட்டில் விலங்கின் இரத்தம் சேர்க்கும் முறையை விவரிக்கிறார். 1748இல் வில்லியம் பிரவுண்ரிக் கறியுப்பு உற்பத்தி பற்றி இங்கிலாந்தில் வெளியிட்ட நூலிலும் இரத்தம், முட்டை வெண்கரு முதலிய சேர்மானங்கள் பேசப்படுகின்றன. இவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது சீனக் குறிப்பு. மிங் அரசகாலத்தின் இறுதியில், 1637இல், சொங் யிங்சிங் எழுதிய கைத்தொழில் நூல் இப்படிச் சொல்கிறது: காய்ச்சும் உவர்நீர் உடனே உறையாவிட்டால், ஒருவகைச் சவர்க்கார நெற்றை இடித்துத் தினைத் தவிட்டோடு கலந்து கொதிநீரில் போட்டுக் கிளற வேண்டும், உடனே உப்புப் படியும். ஜிப்சம் இட்டுச் சோயாப் பாலை உறைய வைப்பதோடு அவர் இதை ஒப்பிடுகிறார்.

இரத்தத்தின் புரதம், தவிட்டின் மாப்பொருள், நெற்றின் சப்போனின் என்ற இந்தப் பட்டியலைப் பார்த்ததும், பல்பகுதியச் சேர்மானத்தைப் பழங்காலத்தார் அறிந்திருந்தனர் என்று முடிவு கட்டத் தோன்றும். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். இரத்தத்தின் புரதம் சூட்டில் திரளும்போது நீரில் மிதக்கும் மண்ணையும் நுண்துகள்களையும் பிடித்து நுரையாக மேலே கொண்டுவரும். அதை அகப்பையால் வழித்தெடுப்பார்கள். இது துப்புரவு வேலை. பளிங்கின் முகத்தில் போய் ஒட்டி அதன் வளர்ச்சியைத் திருத்தும் வேலை வேறு. சொங் சொல்லும் நெற்று விடயத்திலும் தவிட்டுத் துகள்கள் பளிங்குக் கரு உண்டாக இடம் கொடுத்திருக்கலாம், சப்போனின் நீரின் மேற்பரப்பிழுவையைக் குறைத்திருக்கலாம். இந்தப் பழைய வழக்கங்களில் பல்பகுதியம் உப்பைத் தொடாமல் உப்பைச் சூழ்ந்த நீரையே திருத்தியது என்று கொள்வதே பொருத்தம். இந்த வேறுபாடு கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

கொதிகலன் தந்த பாடம்

ஜிப்சம் பெரும் பகையாகத் தெரிய வந்தது நீராவி யுகத்தில். திருகோணமலைத் துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது; பாய்மரத்திலிருந்து நீராவிக்கும், நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கும் கப்பல்கள் மாறியதை அது முழுவதுமாகப் பார்த்தது. தொடக்ககால நீராவிக் கப்பல்கள் கொதிகலனுக்குக் கடல் நீரையே ஊட்டின. பெரும்பாலான உப்புகள் சூடேறும்போது கூடுதலாகக் கரையும். கல்சியம் சல்பேற்று உயர் வெப்பநிலையில் அதற்கு நேர்மாறு. கொதிகலனின் அமுக்கத்தையும் வெப்பத்தையும் கூட்டக் கூட்ட அது சுவரில் கல்லாகப் படிந்தது. படிவு தடித்தால் வெப்பம் நீருக்குள் இறங்காது, உலோகம் காய்ந்து பலமிழக்கும். ஆகவே செறிந்த உவர்நீரை அடிக்கடி வெளியே ஊத வேண்டியிருந்தது. அதோடு சூடாக்கிய எரிபொருளும் வீண். நீராவியைக் கடல் நீரோடு கலக்கவிடாமல் ஒடுக்கி நன்னீராக மீட்கும் ஒடுக்கிக்குச் சாமுவேல் ஹோல் 1834இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அது கப்பல்களில் பரவலாக வர 1860கள் ஆயின.

அதுவரையும் அதற்குப் பின்னும் கொதிகலன் ஓட்டிகள் கைக்கு அகப்பட்டதையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். கரையிலிருந்த கொதிகலன்களில் உருளைக்கிழங்கு இடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவலான வழக்கம். ஓக் மரப்பட்டை, காசுக்கட்டி, தனின் மிகுந்த வேறு பட்டைகள் ஆகியனவும் விற்பனைக் கலவைகளில் இடம்பெற்றன. மாப்பொருளும் தனினும் இயற்கைப் பல்பகுதியங்கள் அல்லது அவற்றை ஒத்த பெரிய மூலக்கூறுகள். அவை இருக்கும்போது படிவு கல்லாக இறுகாமல் சேறாகத் தங்கியது, சேற்றைத் திறந்துவிடலாம். ஏன் அப்படி என்று எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பல்பகுதியம் கரைசலிலிருந்து படியும் உப்பை நேரடியாக மாற்றிய முதல் பெரும் தொழிற்களம் இதுவே என்பது என் கணிப்பு. படிந்த உப்பு கறியுப்பு அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

மில்லியனில் சில பங்கு

திருப்பம் வந்தது வயல்வெளியிலிருந்து. அமெரிக்காவில் பாசன நீரோடு அமோனியாவைப் பசளையாகக் கலந்தபோது நீர் காரத்தன்மை அடைந்து, கல்சியம் காபனேற்று குழாய்களில் படிந்து அடைத்தது. சோடியம் அறுமெற்றாபொசுபேற்று என்ற பொசுபேற்றுச் சங்கிலியை மில்லியனில் சில பங்கு சேர்த்தாலே படிவு நின்றுவிடுகிறது என்று லுட்விக் ரோசன்ஸ்டைன் கண்டு, 1936இல் காப்புரிமை பெற்றார். 1940இல் ரைட்டமையரும் பியூரரும் இதை முறையாக ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்கள் காட்டியதில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. முதலாவது, கல்சியம் முழுவதையும் பிணைத்து வைக்கத் தேவையான அளவில் மிகச் சிறு பின்னமே போதுமாயிருந்தது. ஆகவே சேர்மானம் கல்சியத்தைக் கட்டி வைக்கவில்லை, வேறெதையோ செய்கிறது. இரண்டாவது, தடுப்பைமீறிப் படிந்த பளிங்குகள் உருக்குலைந்திருந்தன; ஆகவே அந்த வேறெதுவோ நடப்பது பளிங்கின் மேற்பரப்பில்.

அதற்கான கோட்பாடு பத்தாண்டுக்குள் உருவாகத் தொடங்கியது. 1949இல் பிரிஸ்டலில் பரடே கழகம் பளிங்கு வளர்ச்சி பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தியது. பளிங்கு முகத்தில் சுருளாக ஏறும் படிகளே வளர்ச்சியின் இடம் என்று பிராங்க் அங்கு எடுத்துரைத்தார். 1951இல் பேர்ட்டன், கப்ரேரா, பிராங்க் மூவரும் அதை முழுக் கணிதமாக்கினர். அதே ஆண்டில் பக்லியின் பளிங்கு வளர்ச்சி நூலும் வெளிவந்தது. சாயங்களும் பிற சேர்மானங்களும் உப்புப் பளிங்குகளின் வடிவத்தை எப்படி மாற்றுகின்றன என்பதற்கு அதில் ஏராளமான சோதனை விவரங்கள் உண்டு. 1958இல் கப்ரேராவும் வெர்மிலியாவும் இவ்விரண்டையும் இணைக்கும் கருத்தைத் தந்தார்கள். பளிங்கு முகத்தில் ஒட்டிய மாசுத் துகள்கள் நகரும் படியை அங்கங்கே தடுத்து நிறுத்தும். இரு தடைகளுக்கிடையே படி வில்லாக வளைந்துதான் முன்னேற முடியும். தடைகளின் இடைவெளி ஓர் எல்லைக்குக் கீழே போனால் படி அப்படியே நின்றுவிடும். அந்த எல்லை, கரைசலின் மீநிரம்பல், அதாவது கரையும் எல்லையை மீறிக் கரைந்திருக்கும் அளவு, கூடக் கூடச் சிறுத்துக்கொண்டே போகும்.

பல்பகுதியத்துக்கு இதில் என்ன தனிச்சிறப்பு? பொலிஅக்கிரிலிக்கமிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சங்கிலி நெடுகக் காபொட்சிலேற்றுக் கூட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் மேற்பரப்பிலுள்ள கல்சியம் அயனைப் பற்றும். ஒரு பிடி விட்டாலும் மற்றவை விடா. சிறு மூலக்கூறு வந்து வந்து போகும், சங்கிலியோ தங்கிவிடும். அதற்காகச் சங்கிலி நீள நீள நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. சில ஆயிரம் மூலக்கூற்றுத் திணிவுள்ள குறுஞ்சங்கிலிகளே சிறந்த தடுப்பான்கள். மில்லியன் கணக்கில் நீண்டவை ஒரு துகளிலிருந்து இன்னொரு துகளுக்குப் பாலமிட்டு அவற்றைத் திரட்டிவிடும். எரிசோடாத் தொழிற்சாலைகளில் உவர்நீரிலிருந்து கல்சியம், மக்னீசியம் வீழ்படிவுகளைப் படியவைக்கப் பயன்படுவது இந்த நெடுஞ்சங்கிலிகள்தாம். வடக்கே பரந்தனில் ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் செய்த தொழிற்சாலையை நினைவுகூரும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உப்பின் தூய்மை எவ்வளவு பெரிய தொழிற்பிரச்சினை என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

பொலிபொசுபேற்றுகளின் குறை, சூட்டில் சங்கிலி அறுந்து சாதாரணப் பொசுபேற்றாகிவிடுவது. வளைகுடா நாடுகளில் கடல் நீரைக் காய்ச்சி வடிக்கும் பெரும் நிலையங்கள் உயர்ந்த வெப்பநிலையை நாடியபோது பொலிஅக்கிரிலேற்றுகளும், 1970களில் பொலிமலெயிக்கமிலமும் அந்த இடத்துக்கு வந்தன. அதன்பின் வந்தவை பெரும்பாலும் இவற்றின் கலப்புகளும் திருத்தங்களும்.

கறியுப்பு ஏன் மசியவில்லை?

ஜிப்சம் நீரில் லீற்றருக்கு இரண்டரைக் கிராம் அளவிலேயே கரையும். கறியுப்பு ஏறத்தாழ 360 கிராம். உப்புப் பாத்தியில் ஒவ்வொரு பளிங்கு முகத்தின்மீதும் அயன்கள் வெள்ளமாக வந்து மோதுகின்றன. கறியுப்பின் சோடியம் அயன் ஒற்றை ஏற்றம் மட்டுமே கொண்டது. காபொட்சிலேற்று அதை இறுகப் பற்றாது. அதோடு இவ்வளவு செறிந்த உவரில் ஏற்றமுள்ள பல்பகுதியச் சங்கிலி விரிந்து நிற்காமல் சுருண்டுவிடும். ஜிப்சத்தை மில்லியனில் சில பங்கால் நிறுத்தும் அதே சேர்மானம் இங்கே வலுவிழக்கக் காரணம் இவைதாம்.

கறியுப்பில் மில்லியனில் சில பங்கு அளவில் வேலை செய்வதாக உறுதியாகத் தெரிந்தது பல்பகுதியம் அல்ல, பெரோசயனைட்டு அயன். மேசை உப்புக் கட்டிபடாமல் இருக்கப் பரவலாக இடுவது அதைத்தான். கிளைவிட்டு வளரும் இலேசான உப்புப் பளிங்குகளைத் தொழிற்சாலைகள் உண்டாக்குவதும் அதைக்கொண்டே. நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் 2012இல் அதன் காரணத்தை விளக்கினர். ஆறு சயனைட்டுக் கரங்களுள்ள அந்த அயன், உப்பின் கனசதுர முகத்தில் ஒரு சோடியமும் அதைச் சூழ்ந்த ஐந்து குளோரைட்டும் இருந்த இடத்தில் சரியாக உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அதன் எஞ்சிய ஏற்றம் அடுத்த அடுக்கை ஒழுங்காகப் படியவிடுவதில்லை. பிடி சங்கிலியின் நீளத்தில் இல்லை, வடிவப் பொருத்தத்தில் இருக்கிறது. யூரியாவைப் போலவே இதுவும் சிறு மூலக்கூறுகளின் கதை.

பாத்தி தானே செய்யும் பல்பகுதியம்

இங்கேதான் இயற்கை குறுக்கிடுகிறது. உப்பளத்து நீரில் எவரும் சேர்மானம் இடாவிட்டாலும் பல்பகுதியம் உண்டு, ஏனெனில் அங்கே உயிர்கள் உண்டு. இடைப் பாத்திகளின் அடியில் நீலப்பச்சை நுண்ணுயிர்கள் பாயாகப் படர்ந்து நீர் கசியாமல் மண்ணை அடைக்கும். மிகச் செறிந்த உவரில் டூனலியெல்லா என்ற அல்காவும் செந்நிற உப்புவாழ் நுண்ணுயிர்களும் நீரைச் சிவப்பாக்கும். சிவந்த நீர் வெயிலைக் கூடுதலாக உறிஞ்சி விரைவாக ஆவியாகும். இவை நன்மை. ஆனால் ஊட்டப்பொருள் மிகுந்தாலோ உவர்ப்பு நிலைதடுமாறினாலோ இடைப் பாத்தியின் சில நீலப்பச்சை நுண்ணுயிர்கள் பெருகிச் சளிபோன்ற பொலிசக்கரைட்டை வெளியிடும். அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் டேவிஸ் 1970களில் உப்பளத்தின் உயிரியலை எழுதத் தொடங்கியபோது சுட்டிக்காட்டிய பெரிய ஆபத்து இந்தச் சளிதான்.

சளி என்ன செய்கிறது? நீரின் பிசுபிசுப்பைக் கூட்டுகிறது. அயன்கள் பளிங்கு முகத்தை வந்தடைவதும் மெதுவாகிறது, ஆவியாதலும் மந்தப்படுகிறது. உப்புச் சிறு பளிங்குகளாக, உள்ளே உவர்நீரைச் சிறைப்பிடித்துக்கொண்டு படிகிறது. கழுவினாலும் மக்னீசியம் போகாது. சொங்கின் நெற்றையும் அக்ரிகோலாவின் இரத்தத்தையும் பற்றி மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்: கறியுப்பைப் பொறுத்தவரை பல்பகுதியம் நீரின் தன்மை வழியாகவே பேசுகிறது. ஜிப்சத்திலோ அது நேரடியாக முகத்தைப் பற்றுகிறது. கரையத்தக்க தாவரப் பொருள் இருந்தால் ஜிப்சம் ஊசியாக வளராமல் பருப்பு வடிவ வில்லைகளாக வளர்வதை ரொபர்ட் கோடி 1979இல் ஆய்வுகூடத்தில் காட்டினார். மகாவலி முகத்துவாரத்தின் கண்டற் காடுகளிலிருந்து தனின் கலந்து வரும் நீரை நினைத்தால், கிழக்குக் கரையின் ஜிப்சப் பளிங்குகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பது பயனுள்ள முதுநிலை ஆய்வாகும் என்று தோன்றுகிறது.

சம்பூர்க் கரையில்

2006இல் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் பத்தாண்டளவு அலைந்து திரும்பிய நிலத்தில், இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் 500 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையம் ஒன்றைத் திட்டமிட்டிருந்தன. மக்களின் எதிர்ப்புக்கும் வழக்குக்கும் பின் 2016இல் அது கைவிடப்பட்டது. வந்திருந்தால், கொதிகலனுக்கு வேண்டிய உப்பற்ற நீரைக் கடலிலிருந்து பிரிக்கும் ஆலையும், அதன் படிவுத் தடுப்பான்களும், செறிந்த கழிவுநீரும் கொட்டியாரக் குடாவுக்கு வந்திருக்கும். இப்போது அங்கே அமைவது சூரிய மின்னிலையம். 2025 ஏப்ரலில் வேலை தொடங்கியது. ஆவியாதலுக்குக் காரணமான அதே வெயிலைத் தகடுகள் உறிஞ்சப்போகின்றன. உப்புப் பற்றிய கவலையும் முற்றாக ஒழியாது: கடற்காற்றின் உவர்த்துளிகள் கண்ணாடியில் காய்ந்து படியும், வாடைக்கால மழை கழுவிவிட்டாலும் கச்சான் மாதங்களில் கழுவ நன்னீர் வேண்டும்.

கடல் நீரைப் பிரித்து நன்னீராக்கும் தொழில் இலங்கையின் வடக்குக் கரைக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. சென்னையில் மீஞ்சூர் நிலையம் 2010இலும் நெம்மேலி 2013இலும் இயங்கத் தொடங்கின. இந்நிலையங்கள் கையாளும் படலமுறையில், அதாவது உப்பைத் தடுத்து நீரை விடும் படலத்தினூடாக அமுக்கிப் பிரிக்கும் முறையில், நீரில் ஏறத்தாழ 40 வீதத்தையே நன்னீராக எடுப்பார்கள். மிஞ்சுவது ஒன்றரை மடங்குக்கு மேல் செறிந்திருக்கும். உசிக்லியோவின் வரிசைப்படி அங்கே முதலில் அச்சுறுத்துவது கல்சியம் காபனேற்று, ஜிப்சம் இன்னும் தொலைவில். லீற்றருக்குச் சில மில்லிகிராம் தடுப்பான் இடுவது இத்தொழிலில் பொது வழக்கம். அதன் பெரும்பகுதி படலத்தைத் தாண்டாமல் செறிந்த உவரோடு கடலுக்குத் திரும்பும். பொசுபரசு கொண்ட தடுப்பான் கடலில் சிதையும்போது அல்காவுக்கு உணவாகும். உப்பளங்களுக்கு நீர் எடுக்கும் வாயிலுக்கு அருகே அப்படி ஒரு வெளியேற்றம் இருந்தால், படிவைத் தடுக்க இட்ட சங்கிலி மறுமுனையில் சளியாகப் பாத்திக்குள் வந்து உப்பைக் கெடுக்கும் வாய்ப்பு உண்டு.

மாற்றுவழி கடல் உயிர்களிடமிருந்தே வந்தது. சிப்பி ஓட்டின் அமிலப் புரதங்கள் கல்சியம் பளிங்கின் குறிப்பிட்ட முகங்களைத் தெரிந்து பற்றுகின்றன என்று அடாடியும் வைனரும் 1985இல் காட்டினார்கள். அந்தப் புரதங்களில் அசுபாட்டிக்கமிலம் மிகுதி. அதை ஒத்த பொலிஅசுபாட்டேற்றைச் சூட்டினாலேயே செய்யும் முறைக்கு 1996இல் அமெரிக்காவின் பசுமை இரசாயன விருது கிடைத்தது. அந்தச் சங்கிலி இயற்கையில் சிதையக்கூடியது, பொசுபரசு அற்றது. விலை கூடுதல் என்பதால் இன்னும் பெரும்பான்மைச் சந்தையைப் பிடிக்கவில்லை.

இலங்கை 2025இல் பருவம் தவறிய மழையால் உப்புத் தட்டுப்பாட்டைச் சந்தித்து இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது. ஆனையிறவு உப்பளத்தின் உற்பத்தி அதே ஆண்டு மீண்டும் செய்திகளில் அடிபட்டது. அந்த விவாதங்களில் பாத்தியின் பரப்பும் மழையும் நிருவாகமும் பேசப்பட்டன, நீரின் பிசுபிசுப்பு பேசப்படவில்லை. நிலாவெளியிலும் ஆனையிறவிலும் போமேமானியோடு ஒரு கண்ணாடி மயிர்த்துளைப் பிசுக்குமானியையும் வைத்து, இடைப் பாத்தி தொடக்கம் உப்புப் பாத்தி வரை கச்சான் மாதங்களில் வாரமொருமுறை அளந்து எழுதிவந்தால், சளி எந்தப் பாத்தியில் எந்த உவர்ப்பில் தொடங்குகிறது என்பது ஒரு பருவத்திலேயே தெரிந்துவிடும்.